சீனி கூடினால் மூளை ஏன் சத்தம் போடுவதில்லை?

பள்ளிவாசல் முற்றத்தில் இலவச இரத்தப் பரிசோதனை நடந்தால் பெயர் எழுதும் கொப்பியை என்னிடம் தந்துவிடுவார்கள். ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியன், கையெழுத்து விளங்கும் என்பது அவர்களின் கணக்கு. பெயர், வயது, அதற்கு நேரே சீனி அளவு. இப்படி எழுதி எழுதி எனக்குப் பாடமாகிப்போன வசனம் ஒன்று உண்டு. அளவு 280 என்று வரும், 310 என்று வரும். வந்தவர் எண்ணைப் பார்ப்பார், பிறகு மிஷினைப் பார்ப்பார், கடைசியில் என்னைப் பார்த்துச் சொல்வார்: "எனக்கு ஒண்டும் செய்யல்லியே சேர். நல்லாத்தானே இரிக்கன்."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. தோணி தள்ளுகிறார், கடை திறக்கிறார், ஐந்து வேளையும் பள்ளிக்கு நடந்து வருகிறார். மிஷின் பிழை என்று அவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. இரத்தத்தில் சீனி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறியிருக்கும்போது, உடம்பை ஆளுகின்ற மூளைக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்திருந்தால் ஏன் அவரிடம் சொல்லவில்லை?

மூளைக்குத் தெரியும். மிக நன்றாகத் தெரியும். ஆனால் அது அலாரம் அடிப்பதில்லை. இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டால், "நல்லாத்தானே இரிக்கன்" என்ற வசனத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தெரிந்துவிடும். எனக்கும் பல வருடங்களாக இந்த வருத்தம் இருப்பதால் இதைக் கொஞ்சம் ஆர்வத்தோடு வாசித்திருக்கிறேன். (இங்கே வரும் சீனி அளவுகள் எல்லாம் எங்கள் ரிப்போட்டுகளில் உள்ளபடி, ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.)

முதலில் மூளையின் சாப்பாட்டைப் பார்ப்போம். உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் மூளை. ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் நூற்றுக்கு இருபது பங்கு அதற்குப் போகிறது. வளர்ந்த ஒருவரின் மூளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். தேக்கரண்டியால் அளந்தால் இருபத்தைந்து கரண்டிக்குக் கிட்ட வரும். அதைச் சேமித்து வைக்க மூளையிடம் பெட்டகமும் இல்லை. ஈரலும் தசையும் ஓரளவு சேர்த்து வைக்கும். மூளையோ அன்றன்றைய கூலியில் சீவிக்கிற வீடு மாதிரி, நிமிடத்துக்கு நிமிடம் இரத்தத்திலிருந்து வாங்கித்தான் எரிக்கிறது.

வாங்குகிற முறையிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் குளுக்கோஸ் தாராளமாக நுழைய வேண்டுமென்றால் இன்சுலின் வந்து வாசலைத் திறக்க வேண்டும். மூளை அதற்காகக் காத்திருப்பதில்லை. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களின் சுவரில் குளுக்கோஸைக் கொண்டு செல்லும் காவிகள் எந்நேரமும் இருக்கின்றன. இரத்தத்தில் சீனி ஏறினால் மூளைக்குள்ளும் ஏறும், இறங்கினால் இறங்கும். மூளைக்குள் இருக்கும் அளவு இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவு, ஆனால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும்.

ஆகவே நீரிழிவில் நடப்பது என்ன? இன்சுலின் போதாமல், அல்லது வந்த இன்சுலினுக்குத் தசை காது கொடுக்காமல், குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்குகிறது. தசைக்குத் தட்டுப்பாடு. மூளைக்கு அது இல்லை. மூளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் சீனி கூடுவது பஞ்சமல்ல, குசினி நிறைய அரிசி மூடை அடுக்கியிருக்கிற வீடு. அந்த வீட்டிலிருந்து யார் கூக்குரல் போடுவார்?

மூளைக்கும் சீனிக்கும் உள்ள தொடர்பை முதலில் கண்டவர் பிரான்ஸ் நாட்டு உடற்றொழிலியலாளர் குளோட் பெர்னாட். 1849 அளவில் அவர் ஒரு முயலின் மூளைத் தண்டுக்கு மேலே, நான்காம் அறை என்று சொல்லப்படும் இடத்தின் தரையில் ஊசியால் குத்தினார். சிறிது நேரத்தில் அந்த முயலின் சிறுநீரில் சீனி வந்தது. மூளையில் ஒரு சிறு காயம், சீனி வந்ததோ சிறுநீரில். அதற்குப் பிறகு 1889இல் சதையியை அகற்றிய நாய்க்கு நீரிழிவு வருவதை மின்கோவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் காட்டினார்கள். 1921இல் ரொறொன்ரோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. அதோடு உலகத்தின் கவனம் முழுவதும் சதையியின் பக்கம் போய்விட்டது. இன்றைக்கும் சீனி வருத்தம் என்றால் நாங்கள் சதையியைத்தான் நினைக்கிறோம். பெர்னாட்டின் முயலைப் பாடசாலையில் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, நானும் என் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அது பாடத்திட்டத்தில் இல்லை.

அடுத்த முக்கியமான அடி எங்களுக்கு அயல்நாட்டில் வைக்கப்பட்டது என்பதில் எனக்கு ஒரு சந்தோசம். பால் கிருஷ்ண ஆனந்த் என்ற இந்திய உடற்றொழிலியலாளர் 1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் புரோபெக்குடன் சேர்ந்து, மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதியின் பக்கவாட்டில் பசியைக் கிளப்பும் இடம் ஒன்று இருப்பதைக் காட்டினார். அந்த இடத்தைச் சேதப்படுத்தினால் எலி உணவைத் தொடவில்லை. நடுப்பக்கமாக இருக்கும் இன்னோர் இடம் கெட்டால் விலங்கு அளவில்லாமல் தின்று கொழுப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனந்த் இந்தியா திரும்பி, தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியரானார். அங்கே சீனாவும் பல்தேவ் சிங்கும் அவரோடு சேர்ந்தார்கள். (இந்தச் சீனா ஆளின் பெயர், நாடல்ல.) விலங்குகளின் ஹைப்போதலமஸில் மெல்லிய மின்வாய்களை வைத்து, இரத்தத்தில் குளுக்கோஸைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். குளுக்கோஸ் கூடியபோது "போதும்" என்று சொல்லும் இடத்தில் நரம்புக்கலங்களின் துடிப்பு அதிகரித்தது. "சாப்பிடு" என்று சொல்லும் இடத்தில் துடிப்புக் குறைந்தது. 1962இல் வெளியான முடிவு இது. மூளை சீனியை அளக்கிறது என்பதை நரம்புக்கலத்தின் துடிப்பிலேயே காட்டியது அது.

எப்படி அளக்கிறது? சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்கள் கையாளும் அதே உபாயத்தை இந்த நரம்புக்கலங்களில் பலவும் கையாளுகின்றன. குளுக்கோஸ் கலத்துக்குள் வந்து எரிகிறது. எரிந்ததும் கலத்துக்குள் சக்தி கூடுகிறது. சக்தி கூடினால் கலத்தின் சுவரில் இருக்கும் பொட்டாசியக் கதவுகள் மூடிக்கொள்கின்றன. கதவு மூடியதும் கலத்தின் மின்னழுத்தம் மாறி, அது துடிக்கத் தொடங்குகிறது. குளுக்கோஸ் குறைந்தால் கதவு திறந்து துடிப்பு அடங்கும். இதற்கு நேர்மாறாக, குளுக்கோஸ் குறையும்போது துடிக்கிற கலங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டு வகையும் சேர்ந்து கணக்குப் பார்க்கின்றன. மூளை தன் கணக்கை மட்டும் நம்பியிருப்பதும் இல்லை. சாப்பாடு குடலில் இறங்கியவுடனேயே குடலும் ஈரலுக்குப் போகும் பெருநாளமும் நரம்பு வழியாகவும் ஓமோன் வழியாகவும் முன்கூட்டியே செய்தி அனுப்பிவிடுகின்றன.

சீனி கூடுவதை உணர்ந்த மூளை என்ன செய்கிறது? பசியைக் குறைக்கிறது. பத்தாவது மண்டை நரம்பு வழியாக ஈரலுக்கு, "நீ இப்போது சீனி விட வேண்டாம்" என்று சொல்கிறது. சதையிக்கும் சொல்கிறது. இதெல்லாம் சத்தமில்லாத அலுவலக வேலை. கடிதம் போகிறது, பதில் வருகிறது, உரிமையாளரைக் கூப்பிடுவதில்லை. ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டு எழுந்த யாரும் "இப்போது எனக்குச் சீனி 140, ஈரலுக்கு அறிவித்தாகிவிட்டது" என்று உணர்வதில்லை.

சீனி இறங்கும்போது நடப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 80க்குக் கிட்ட வரும்போதே சதையி இன்சுலினைக் குறைத்துக்கொள்கிறது. 65, 70 அளவில் குளுக்ககொனும் அட்ரினலினும் பாய்கின்றன. 55 அளவில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், குளிர்ந்த வியர்வை கொட்டும், எதையாவது வாயில் போடு என்று உடம்பு உத்தரவு போடும். இன்னும் இறங்கினால் பேச்சுக் குழறும், பார்வை மங்கும், கோபம் வரும், மயக்கம் வரும். மேலே ஏறுவதற்குக் கடிதம், கீழே இறங்குவதற்கு ஒலிபெருக்கி. காரணம் எளிது. குளுக்கோஸ் நின்றுபோனால் மூளை நிமிடக் கணக்கில் செயலிழக்கும். குளுக்கோஸ் கூடினால் கேடு வருவது வருடக் கணக்கில். நெருப்புக்குத்தான் அலாரம் பூட்டுவார்கள், கறையானுக்குப் பூட்டுவதில்லை.

"அப்படியென்றால் தாகம் எடுப்பதும், அடிக்கடி சிறுநீர் போவதும் அலாரம் இல்லையா?" என்று கேட்கலாம். அலாரம்தான். ஆனால் அது சீனியின் அலாரம் அல்ல, தண்ணீரின் அலாரம். மாரியில் எங்கள் வாவிக்கு என்ன நடக்கிறது என்று யோசித்தால் இது விளங்கும். மழை தொடங்கியவுடன் யாரும் முகத்துவாரத்துக்கு ஓடுவதில்லை. வாவி நிறைய நிறையப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படுவான்கரை வயல்களில் வெள்ளம் ஏறி, தாழ்ந்த வீடுகளுக்குள் தண்ணீர் வரும் நிலை வந்த பிறகே மணல் திட்டை வெட்டி வாவியைக் கடலோடு சேர்ப்பார்கள். சிறுநீரகமும் அப்படித்தான். வடிகட்டிய குளுக்கோஸ் முழுவதையும் அது திருப்பி இரத்தத்துக்கே எடுத்துக்கொள்ளும். இரத்தத்தில் 180க்குக் கிட்டத் தாண்டும்போதுதான் எடுக்க முடியாமல் சிறுநீரில் விடுகிறது. சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, இந்த எல்லை இன்னும் மேலே இருக்கும். போகிற சீனி தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். இரத்தம் செறிவாகிறது. ஹைப்போதலமஸின் முன்பக்கத்தில் இரத்தத்தின் செறிவை அளக்கும் கலங்கள் இருக்கின்றன. அவைதான் தாகத்தைக் கிளப்புகின்றன, சிறுநீரில் தண்ணீரை மிச்சப்படுத்தச் சொல்லும் ஓமோனையும் அனுப்புகின்றன.

ஆகவே 130லும் 150லும் 170லும் வருடக்கணக்காக இருப்பவருக்குத் தாகமும் இல்லை, சிறுநீரும் இல்லை. வெள்ளம் இன்னும் வரம்பைத் தாண்டவில்லை. தாண்டியவருக்கும் எங்கள் ஊரில் ஒரு நல்ல சாட்டு இருக்கிறது. கச்சான் வீசும் காலத்தில் தாகம் எடுக்காத மனிதன் யார்? "வெயில் கூடத்தானே" என்று சொல்லி ஒரு போத்தல் குளிர் சோடாவை வாங்கிக் குடிப்பார். தாகத்தைத் தந்த சீனிக்கு மேலே இன்னும் சீனி. முதியவர்களில் தாக உணர்வே மங்கிவிடும், அவர்கள் குடிப்பதும் இல்லை. காய்ச்சலோ கிருமித் தொற்றோ சேர்ந்தால் சீனி 600ஐயும் தாண்டி, மூளைக் கலங்களிலிருந்தே தண்ணீர் இழுக்கப்பட்டு, ஆள் பிதற்றத் தொடங்குவார், தூங்கித் தூங்கி விழுவார். வீட்டில் உள்ளவர்கள் "வயசு போனதாலதான்" என்றோ, பாரிசவாதம் என்றோ நினைப்பார்கள். வயதான ஒருவர் இரண்டு மூன்று நாளாகச் சோர்ந்து, வாய் உலர்ந்து, பேச்சு மாறினால் உடனே குத்திப் பாருங்கள், அல்லது வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். காத்திருக்கிற விசயமல்ல இது.

இதுவரை சொன்னது மூளை சத்தம் போடாததைப் பற்றி. இனிச் சொல்வது எனக்கு அதைவிடக் கவலையானது. சீனி நீண்ட காலம் கூடியிருந்தால், மூளை அந்த உயரத்தையே சாதாரணம் என்று எடுத்துக்கொள்கிறது.

2017இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். மெலிந்தவர்கள், பருமனானவர்கள், கட்டுப்பாடில்லாத நீரிழிவு உள்ளவர்கள் என்று மூன்று கூட்டத்தார். எல்லோருடைய இரத்தத்திலும் குளுக்கோஸைச் சமமான உயரத்துக்கு, 220 அளவுக்கு ஏற்றி வைத்து, மூளைக்குள் எவ்வளவு ஏறுகிறது என்று ஸ்கேனர் மூலம் அளந்தார்கள். மெலிந்தவர்களின் மூளையில் நன்றாக ஏறியது. மற்ற இரு கூட்டத்திலும் மிகக் குறைவாகவே ஏறியது. இரத்தத்தில் வெள்ளம் ஒன்றுதான், மூளையின் அளவுகோலில் மட்டும் அது வேறுபட்டது. சாப்பிட்டும் ஏன் போதும் என்ற உணர்வு சிலருக்கு வருவதில்லை என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று நாங்கள் இலேசாகத் திட்டுகிற ஆளின் தலைக்குள் நடப்பது இப்படியும் இருக்கலாம்.

1988இல் வெளியான இன்னோர் ஆய்வு நேரடியாக எங்கள் குளிசைப் பெட்டியோடு சம்பந்தப்பட்டது. நீரிழிவு இல்லாதவர்களின் சீனியை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வந்தபோது, நடுக்கம், படபடப்பு போன்ற அறிகுறிகள் சராசரியாக 53 அளவில் தொடங்கின. கட்டுப்பாடில்லாமல் சீனி உயர்ந்திருந்தவர்களுக்கோ அதே அறிகுறிகள் 78லேயே தொடங்கிவிட்டன. 78 என்பது ஆரோக்கியமான ஒருவரின் காலைச் சீனி! ஆபத்து ஒன்றுமில்லாத இடத்திலேயே அவர்களின் மூளை அலாரம் அடித்தது. நீண்ட நாள் உயரத்திலேயே இருந்ததால், இறங்கி வருவதை அது விழுவதாகக் கணக்கெடுத்துவிட்டது. இவை சராசரிகள்தான். சிலருக்கு இன்னும் உயரத்திலேயே இது தொடங்குகிறது.

இது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை வாசகர்கள் தங்கள் குடும்பத்திலேயே பார்த்திருப்பீர்கள். ஒருவருக்கு 300 இருக்கிறது, ஒன்றும் செய்யவில்லை. வைத்தியர் குளிசை கொடுக்கிறார். இரண்டு கிழமையில் சீனி 90க்கும் 100க்கும் வருகிறது. இப்போதுதான் அவருக்குக் கை நடுங்குகிறது, உடம்பு ஒரு மாதிரி வருகிறது. அவர் என்ன முடிவுக்கு வருவார்? "குளிசை போடாத மட்டும் நல்லாத்தான் இருந்தன். இந்தக் குளிசைதான் என்னக் கெடுத்த." மூன்று கரண்டி சீனி போட்டு ஒரு பிளேன்டீ குடிக்கிறார், நடுக்கம் நிற்கிறது. அதுவே அவருக்கு ஆதாரமாகிவிடுகிறது. குளிசை அலமாரிக்குப் போகிறது, கிளினிக் கொப்பி அதற்கு அடியில். யாரோ சொன்ன கசப்புச் சாறு தொடங்குகிறது. சீனி மறுபடி 300. மறுபடியும் "நல்லாத்தானே இரிக்கன்".

இவரைப் படிக்காதவர் என்று யாரும் சொல்ல வேண்டாம். தன் உடம்பு சொன்னதைத்தான் அவர் நம்பினார். உடம்பு சொன்ன செய்தி பிழை.

அந்த நடுக்கம் வரும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: விரலைக் குத்திப் பார்ப்பது. 70க்குக் கீழே என்றால் அது உண்மையான இறக்கம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். 70க்கு மேலே, 85, 95 என்று இருந்தால் அது மூளையின் பழைய கணக்கு. வெறும் சீனியைக் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை, சாப்பாட்டு நேரம் என்றால் சாப்பிடலாம். சில கிழமைகள் சீனி சீராக இருந்தால் மூளை தன் அளவுகோலைத் திருத்திக்கொள்ளும், நடுக்கமும் குறையும். இதை வைத்தியரிடம் சொன்னால் குளிசையைக் கொஞ்சம் மெதுவாகக் கூட்டுவார். நிறுத்தச் சொல்ல மாட்டார். மிஷின் கையில் இல்லை, இன்சுலினோ கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் வகைக் குளிசையோ எடுப்பவர் என்றால் யோசிக்காமல் சீனியைக் குடித்துவிடுவதுதான் பாதுகாப்பு. மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு ஆபத்தான இறக்கம் வருவது மிக அரிது.

எதிர்ப்பக்கமும் உண்டு. இன்சுலின் எடுத்து அடிக்கடி இறங்கிப் பழகியவர்களுக்கு அலாரமே அணைந்துபோகும். 45இலும் பேசிக்கொண்டிருப்பார்கள், அப்படியே விழுவார்கள். இரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் சில மருந்துகளும் நடுக்கத்தை மறைத்துவிடும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சொல்வதைவிட அவர் நெற்றியில் வரும் வியர்வையைப் பாருங்கள்.

மூளை சீனியை அளப்பது மட்டுமல்ல, சில நேரம் அதுவே ஏற்றியும் விடுகிறது. "இரவு ஒண்டும் தின்னல்ல, விடிய எப்படி 160?" என்பது இன்னொரு வழக்கமான கேள்வி. ஹைப்போதலமஸில் ஒரு மணிக்கூடு இருக்கிறது. விடியப் போகிறது, ஆள் எழும்பப் போகிறார் என்று சுபஹுக்கு முன்பே அது ஓமோன்களை அனுப்பி ஈரலிலிருந்து சீனியை விட வைக்கிறது. ஆரோக்கியமானவரில் இன்சுலின் வந்து அதைச் சமப்படுத்தும், எங்களில் சமப்படுத்த ஆளில்லை. பயமும் அப்படித்தான். 1911இல் ஹாவர்டில் வோல்டர் கெனன், பூனைகளை நாய் குரைத்துப் பயமுறுத்தியபோது அவற்றின் சிறுநீரில் சீனி வந்ததைக் காட்டினார். ஓடவோ சண்டை போடவோ வேண்டி வரும் என்று மூளை எரிபொருளை இறைக்கிறது. நாய் போனால் பூனைக்குச் சரியாகிவிடும். 1990ஐயும் 2004ஐயும் உடம்பால் கடந்து வந்த எங்கள் தலைமுறையில் பலருக்கு நாய் போகவேயில்லை. மன அதிர்ச்சி மட்டுமே நீரிழிவைத் தருகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீண்ட கால மன உளைச்சல் உள்ளவர்களில் இந்த வருத்தம் கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. தூக்கமில்லாத ஆளின் சீனியைச் சாப்பாட்டுப் பட்டியலால் மட்டும் பிடிக்க ஏலாது.

ரமழானைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நோன்பு நாளில் பகல் முழுவதும் மூளை கீழ்ப்பக்கத்தைக் காவல் காக்கிறது. ஈரலின் சேமிப்பை மெல்ல மெல்ல எடுத்துக் கொடுக்கிறது. நோன்பு திறக்கும் நேரத்தில் நாங்கள் என்ன செய்கிறோம்? பேரீச்சம்பழம், சர்பத், கஞ்சி, சமோசா, ரோல்ஸ், பிறகு பலூடா, எல்லாம் பத்து நிமிடத்தில். போதும் என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடமாவது வேண்டும். அதற்குள் சாப்பாடு முடிந்துவிடுகிறது. சஹனில் ஆறு பேர் சேர்ந்து சாப்பிடும்போதும் இதுதான் நடக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் கைவேகம்தான் எங்கள் வேகம்.

சர்பத்திலும் சோடாவிலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாங்கள் வாங்கும் வெள்ளைச் சீனியில் பாதி குளுக்கோஸ், மறுபாதி புரூக்டோஸ். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 20 இளைஞர் யுவதிகளுக்கு ஒரு நாள் குளுக்கோஸ் பானமும், இன்னொரு நாள் புரூக்டோஸ் பானமும் கொடுத்து மூளையைப் படம் பிடித்தார்கள். குளுக்கோஸ் குடித்தபோது ஹைப்போதலமஸில் இரத்த ஓட்டம் குறைந்தது, போதும் என்ற உணர்வும் கூடியது. புரூக்டோஸ் குடித்தபோது அப்படி நடக்கவில்லை. இனிப்பில் பாதி மூளையின் கணக்கில் சரியாகப் பதிவாகாமலேயே உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நீரிழிவு உள்ளவர் நோன்பு வைக்க விரும்பினால், இரண்டு மாதத்துக்கு முன்பே வைத்தியரைச் சந்தித்துக் குளிசை நேரங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்போடு இருக்கும்போது விரலைக் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது என்று ரமழானும் நீரிழிவும் பற்றிய சர்வதேச வழிகாட்டல்கள் தெளிவாகச் சொல்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் பள்ளி இமாமிடமும் கேட்டுக்கொள்ளலாம். 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதும் அதே வழிகாட்டல்தான். நோயாளிக்கான சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. 70ஐ யாரும் ஏற்றுக்கொள்கிறார்கள், ஏனென்றால் கை நடுங்குகிறது. 300இல் நோன்பைத் திறக்கச் சொன்னால்தான் விவாதம் வரும்: "எனக்கு ஒண்டும் செய்யல்லியே."

2005, 2006 காலத்தில் இலங்கையில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வில், 20 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இந்த வருத்தம் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், நூற்றுக்கு 36 பேர், அன்றைய பரிசோதனை வரை தங்களுக்கு நீரிழிவு இருப்பதை அறியாதவர்கள். யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எங்கள் கரையில் அப்போது எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கே அதில் கிடையாது. 2018, 2019இல் நடந்த தேசிய ஆய்வு வயது வந்தவர்களில் நூற்றுக்கு 23 பேர் என்று சொல்கிறது. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்தால், அதில் ஒருவராவது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூளை மறந்துபோகும் கணக்கை இரத்தம் எழுதி வைத்திருக்கிறது. செங்குருதிக் கலம் ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழும். அந்த நாட்களில் அது நீந்திய இரத்தத்தில் எவ்வளவு சீனி இருந்ததோ அதற்கேற்ப அதில் குளுக்கோஸ் ஒட்டிக்கொள்ளும். எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனை அளப்பது இதைத்தான். 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் வாயைக் கட்டி இதை ஏமாற்ற முடியாது. வெறும் வயிற்றுச் சீனி என்றால், எட்டு மணித்தியாலம் தண்ணீர் தவிர வேறொன்றும் எடுக்காமல் பார்க்க வேண்டும். 100க்குக் கீழே சாதாரணம், 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை வந்தால் நீரிழிவு. அரசாங்க வைத்தியசாலைகளோடும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களோடும் சேர்ந்து இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இரத்தச் சீனியை இலவசமாகப் பார்க்கிறார்கள். காலையில் ஒன்றும் குடிக்காமல் போங்கள், பிளேன்டீயும் வேண்டாம்.